56 சைஸ் ஃப்ரேம், மரத்துப் போற விரல்: விக்கறதா, முறுக்கறதா?

கேள்வி (பெருந்துறைத் தம்பி), ஜூன் 8

அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ரோடு பைக் வாங்கியிருக்கறனுங்க. 56 சைஸ். என்ற உயரம் 170 செ.மீ. சென்னிமலை போய்ட்டுத் திரும்பறதுக்குள்ள சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகுது. முட்டிக்கு முன்பக்கம் வலி. கழுத்தும் பிடிச்சுக்குது. வித்தவரு "ஓட்ட ஓட்டப் பழகிரும்"ங்கறாரு. கூட ஓட்டறவங்க, "ஃபிட்டிங்கெல்லாம் நம்ம வேலை இல்ல, காசு குடுத்து ஆள்கிட்டத்தான் பண்ணோணும், இல்லாட்டி வித்துப்போட்டு 52 வாங்கு"ங்கறாங்க. எது சரிங்க?

ஜூன் 8, பொழுதோட

விக்கறதைப் பின்னால பேசலாம் தம்பி. முதல்ல மூணு தகவல் வேணும். காலோட உள்ளளவு எத்தனை? ஸ்டெம் நீளம் எத்தனை? (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோட பிடிச்சிருக்கற துண்டுதான் ஸ்டெம். அதும்மேலயே 100, 110ன்னு மி.மீ.ல பொறிச்சிருக்கும்.) சீட்டு மூக்கு மேல பாக்குதா, கீழ பாக்குதா?

"பழகிரும்"ங்கறது நம்மூர் வியாதி. நாமெல்லாம் அப்பன் சைக்கிள்ல குரங்குப் பெடல் போட்டுக் கத்துக்கிட்டவங்க. சைக்கிளுக்குத் தக்க உடம்பை வளைக்கறதுதான் ஓட்டறதுன்னு அன்னைக்கே மண்டைல ஏறிப்போச்சு. அந்தக் கறுப்பு சைக்கிள்ல சீட்டை ஏத்தி இறக்கறதைத் தவிர மாத்தறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்லை, சரி. ரோடு பைக்குல சீட்டு ஏறும், இறங்கும், முன்னால பின்னால நகரும், சாயும். ஸ்டெம் மாறும், பிரேக் லீவர் கிட்ட வரும். அத்தனையும் வாங்கினபடியே வெச்சு ஓட்டுனா விரல் மரத்துத்தான் போகும்.

ஜூன் 9

தம்பி அளந்துட்டிருக்கறாராம். அதுக்குள்ள எல்லாருக்குமா ஒண்ணு: ஆலன் கீயைத் தொடறதுக்கு முன்னாடி இப்ப இருக்கற நிலையை எழுதி வைங்க. கிராங்க் (பெடல் மாட்டியிருக்கற கை) சுத்தற நடுவுல இருந்து சீட் ட்யூப் (சீட்டுக்குக் கீழ இறங்கற ஃப்ரேம் குழாய்) ஓரமாவே சீட்டு மேல்மட்டம் வரைக்கும் ஒரு அளவு. சீட்டு மூக்குல இருந்து ஹேண்டில்பார் நடு வரைக்கும் ஒண்ணு. கிராங்க் நடுவுக்கு எத்தனை பின்னால சீட்டு மூக்கு நிக்குதுங்கறது ஒண்ணு. சீட்டுக்கும் பாருக்கும் உயர வித்தியாசம் ஒண்ணு. சீட் போஸ்ட்டுல (சீட்டைத் தாங்கி ஃப்ரேமுக்குள்ள இறங்கற குழாய்) ஃப்ரேமை ஒட்டி ஒரு சுத்து இன்சுலேஷன் டேப். இத்தனையும் கால் மணி நேர வேலை. இது இல்லாம முறுக்க ஆரம்பிச்சா மூணாம் நாளு பழைய இடத்துக்குத் திரும்பக்கூட வழி தெரியாது.

கருவிக்கு ஆன்லைன்ல தேடவே வேண்டாம். ஆலன் கீ செட்டு ஒண்ணு, பாக்கியெல்லாம் பக்கத்துல வீடு கட்டற கொத்தனார்கிட்ட இருக்குது: ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம். என்னோட தூக்குக்குண்டு அப்படிக் கடன் வாங்குனதுதான். வீடு கட்டிக் குடிபோயும் ஆச்சு, குண்டு இன்னும் என்கிட்டத்தான் இருக்குது.

ஜூன் 11

பதில் வந்துருச்சு. உள்ளளவு 79 செ.மீ., ஸ்டெம் 110 மி.மீ., கிராங்க் நீளம் 172.5 மி.மீ., சீட்டு உயரம் 67 செ.மீ., மூக்கு நல்லாக் கீழ சாஞ்சிருக்குது. "அப்பத்தான் சுகம்"னு வித்தவரு சாச்சுக் குடுத்தாராம்.

உள்ளளவு எப்படி எடுத்தீங்கன்னு கேட்டேன், பேண்ட் தையல்ல டேப் வெச்சாராம். அது துணியோட அளவு. செருப்பில்லாமச் சுவத்துல முதுகு ஒட்டி நில்லுங்க. மூலைமட்டத்தை ஒரு பக்கம் சுவத்துல ஒட்டி, சீட்டு மேல உக்கார்ற மாதிரி நல்லா அழுத்தம் தெரியற வரைக்கும் மேல ஏத்துங்க. அங்கிருந்து தரை வரைக்கும் அளக்கோணும். (மறுபடி எடுத்தாரு. இப்பவும் 79. பேண்ட் தைச்ச டெய்லருக்கு ஒரு கும்பிடு.)

கணக்கு ரெண்டு விதம். உள்ளளவை 0.883 ஆல பெருக்குனா கிராங்க் நடுவுல இருந்து சீட்டு மேல்மட்டம்: 79க்கு 69.8 செ.மீ. வருது. இன்னொண்ணு உள்ளளவுல 109 சதவீதம்ங்கற கணக்கு: பெடல் அடியில இருக்கறப்ப பெடல்ல இருந்து சீட்டு வரைக்கும் 86.1. அதுல கிராங்க் 17.25ஐக் கழிச்சா 68.9. ரெண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஒரு செ.மீ. இடைவெளி. எதை வெச்சாலும் தம்பியோட சீட்டு ரெண்டு செ.மீ. பக்கம் தாழ்வா இருக்குது. முட்டிக்கு முன்பக்கம் வலின்னாலே முதல் சந்தேகம் அதுதான். முட்டிக்குப் பின்னால வலின்னா உல்ட்டா, சீட்டு ஏறிப்போச்சு.

ஜூன் 11, ராத்திரி

மேல சொன்ன 0.883ஐ வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம். 1986, 89, 90ல டூர் டி பிரான்ஸ் ஜெயிச்ச கிரெக் லெமாண்ட் பேரோட சுத்தற கணக்கு அது. அவருக்கு அதைச் சொல்லிக் குடுத்தவரு பயிற்சியாளர் சிரில் கிமார்னு சொல்வாங்க. அந்தக் காலத்துப் பெடலும் ஷூவும் தடிமன். இன்னைய மெல்லிய ஷூவுக்குச் சில மில்லிமீட்டரு கழிக்கோணும். அதனால 69.8ல இருந்து 69.3ன்னு வெச்சுக்கறேன். 109 கணக்கும் பக்கத்துலயே வந்துருச்சு, நல்லது.

செருப்புப் போட்டு ஓட்டறவங்க செருப்போட தடிமனைக் கூட்டிக்கோங்க. சிரிக்காதீங்க, காங்கயம் ரோட்டுல தினமும் பாக்கறேன்.

ஜூன் 14

தம்பி ஒட்டுக்கா ரெண்டு செ.மீ. ஏத்தப் போறேன்னாரு. வேண்டாம். அஞ்சு அஞ்சு மி.மீ.யா ஏத்துங்க, ஒவ்வொரு ஏத்தத்துக்கும் நடுவுல சில சவாரி விடுங்க. தசைநாருக்கு வேலை திடீர்னு மாறக்கூடாது. ஒரு சமயத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. சீட்டும் ஸ்டெம்மும் ஒரே நாள்ல மாத்திப்போட்டு "இப்ப சரியாயிருச்சு"ன்னா, எதுனால சரியாச்சுன்னு யாருக்குத் தெரியும்?

போதுமான்னு பாக்கறதுக்கு: சுவத்தைப் பிடிச்சு உக்காந்து குதிகாலைப் பெடல்ல வெச்சுப் பின்னால சுத்துங்க. அடியில போறப்ப கால் நேரா நீளோணும், குதிகால் பெடலை விட்டு நழுவக்கூடாது. அப்புறம் வீட்டுல ஒருத்தரைப் பின்னால நிறுத்தி, நீங்க ஓட்டிப் போறப்ப இடுப்பு இக்கட்டும் அக்கட்டும் ஆடுதான்னு பாக்கச் சொல்லுங்க. ஆடுச்சுன்னா ஏறிப்போச்சு, சித்தெ இறக்குங்க. கோண அளவு வெச்சுப் பாக்கறவங்க, பெடல் அடியில இருக்கறப்ப முட்டி மடக்கு 25ல இருந்து 35 டிகிரிக்குள்ள இருக்கோணும்பாங்க.

போஸ்ட்டுல "மினிமம்" கோடு ஒண்ணு இருக்கும். அது வெளிய தெரியற அளவுக்கு எந்தக் காரணத்துக்காகவும் ஏத்தாதீங்க.

ஜூன் 15

போஸ்ட்டு அசையவே மாட்டேங்குதாம். ஸ்டீல் ஃப்ரேமுக்குள்ள அலுமினியப் போஸ்ட்டு. வேர்வையும் கழுவற தண்ணியும் இறங்கி ரெண்டும் ஒண்ணாப் பிடிச்சுக்கும். நம்ம பக்கம் போர்த் தண்ணி இருக்கற லட்சணத்துக்கு இது சீக்கிரமே நடக்கும். கோயமுத்தூர்க்காரங்க சிறுவாணித் தண்ணியில கழுவிக்கலாம், நமக்கேது.

துரு இளக்கற ஆயிலை இடுக்குல விட்டு ராத்திரி பூரா விடுங்க. காலைல பழைய சீட்டையே பிடியா வெச்சு இக்கட்டும் அக்கட்டும் திருப்பிப் பாருங்க. சுத்தியல் வேண்டாம். வந்ததும் உள்ளயும் போஸ்ட்டுலயும் துடைச்சு கிரீஸ் தடவி இறக்குங்க. கார்பன் போஸ்ட்டோ கார்பன் ஃப்ரேமோ இருந்தா கிரீஸ் கூடாது, அதுக்குன்னு இருக்கற கார்பன் பேஸ்ட்டுதான். கிரீஸ் போட்டா வழுக்கும், வழுக்குதேன்னு கிளாம்பை இறுக்குவீங்க, கார்பன் விரிசல் விடும்.

ஜூன் 16

வந்துருச்சாம். உள்ளே இருந்து ஒரு கரண்டித் துருவும் வந்துச்சாம்.

ஜூன் 29

முட்டி வலி குறைஞ்சுது, விரல் மரப்பு கூடிப்போச்சுங்கறாரு. கூடத்தான் செய்யும். சீட்டு ஏறுது, பார் அங்கேயேதான் நிக்குது, பாரம் கைக்கு வந்துருச்சு. எப்பவும் கீழ இருந்து மேல வரோணும்னு நான் சொல்றது இதுக்குத்தான்: பெடல், சீட்டு, அப்புறம் பார். பாரை முதல்ல பொருத்துனவங்க சீட்டை மாத்துன அன்னைக்கு மறுபடி பாருக்கு வரோணும்.

சுண்டுவிரல், மோதிரவிரல் மரப்பு உள்ளங்கையோட வெளி ஓரத்துல போற அல்நார் நரம்பு அழுந்தறதுனால. கிளவுஸ் வாங்குங்கம்பாங்க. கிளவுஸ் கெடுதல் இல்லை, ஆனா பாரம் ஏன் கைக்கு வருதுன்னு பாக்காம மெத்தை போட்டு ஒப்பேத்தறது அது.

தம்பிக்குக் காரணம் கண்ணு முன்னாலயே இருக்குது. மூக்கு கீழ சாஞ்ச சீட்டுல உடம்பு முன்னால வழுக்கும், வழுக்கற உடம்பைக் கைதான் தாங்கும். ஒரு கனமான பலகையைச் சீட்டு நெடுக வெச்சு அதும்மேல ரசமட்டம் வைங்க. சைக்கிள் நிக்கற தரையையும் ரசமட்டம் வெச்சுப் பாத்துக்கோங்க, வாசல்ல தண்ணி ஓடறதுக்குன்னு சரிவு விட்டுத்தான் போட்டிருப்பாங்க. முதல்ல மட்டமா வைங்க. அதுக்கப்புறம் முன்னால அழுத்துதுன்னா ஒரு டிகிரி, ரெண்டு டிகிரி இறக்கிக்கலாம்.

ஜூன் 30

கோபியில இருந்து ஒருத்தரு கேக்கறாரு: "கைக்குப் பாரம் வந்தா சீட்டை முன்னால தள்ளோணுமா?" எல்லாருக்கும் தோணறது அதுதான், பார் கிட்ட வந்துரும்ல. ஆனா பல பேருக்குப் பின்னால தள்றதுதான் பலன் குடுக்கும். இடுப்பு பெடலுக்குப் பின்னால போனா மேலுடம்பைத் தாங்கற வேலையில பெரும்பங்கை இடுப்பே எடுத்துக்கும். நின்ன இடத்துல முன்னால குனிஞ்சு பாருங்க, பின்பக்கம் தானாப் பின்னால போகுதுல்ல?

தூக்குக்குண்டு இங்கதான். கிராங்கைப் படுக்கைவாட்டுல நிறுத்தி, முன்காலோட முட்டிச்சில்லுக்குக் கீழ இருந்து நூலை விடுங்க. குண்டு பெடல் அச்சு மேல விழுந்தா நடுநிலை. இது விதி இல்லை. சைக்கிள் வடிவமைப்பாளர் கீத் பான்ட்ரேகர் "இதுக்கு அறிவியலே கிடையாது"ன்னு கட்டுரையே எழுதிட்டாரு. ஆரம்பிக்க ஒரு இடம், அவ்வளவுதான்.

சீட் ட்யூப் சாய்வா இருக்கறதுனால (73 டிகிரின்னு வெச்சுக்கோங்க) போஸ்ட்டை 2 செ.மீ. ஏத்துனா சீட்டு 6 மி.மீ. பின்னாலயும் போயிருக்கும். தம்பி குண்டு விட்டுப் பாத்தாரு, சரியா விழுகுது. தொடாதீங்கன்னுட்டேன்.

ஜூலை 6

இப்ப ஸ்டெம். புதுசு வாங்கறதுக்கு முன்னாடி இருக்கறதையே தலைகீழாத் திருப்பிப் போடுங்க. 6 டிகிரி கீழ பாக்கற 110 ஸ்டெம்மை மேல பாக்க வெச்சா பார் 2 செ.மீ.க்கு மேல உயரும், 7 மி.மீ. கிட்டவும் வரும். செலவு பூஜ்யம்.

முறை முக்கியம். ஸ்டெம் பக்கவாட்டு போல்ட்டு ரெண்டையும் தளர்த்துங்க, அப்புறம் உச்சி மூடி, அப்புறம் பாரைப் பிடிச்சிருக்கற முகப்பு. மாட்டறப்ப உச்சி போல்ட்டு ஸ்டெம்மைப் பிடிக்கறதுக்கு இல்லை, ஹேண்டில் திரும்பற ஹெட்செட் பேரிங்கை அமுக்கறதுக்கு. பக்கவாட்டு போல்ட்டு தளர்வா இருக்கறப்பவே அதைச் சித்தெ இறுக்கி, முன் பிரேக்கைப் பிடிச்சு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்க. டொக்குன்னா இன்னும் இறுக்கோணும். முன்சக்கரத்தைத் தூக்குனா ஹேண்டில் தன்னால திரும்பி விழுகோணும். விழுகலேன்னா இறுகிப்போச்சு. அது சரியானப்புறம்தான் சக்கரத்துக்கு நேரா ஸ்டெம்மை நிறுத்திப் பக்கவாட்டு போல்ட்டு.

பெரும்பாலான ஸ்டெம்முல 5 நியூட்டன் மீட்டர்னு எழுதியிருக்கும். முகப்பு நாலு போல்ட்டையும் மூலைக்கு மூலை மாத்தி மாத்தி, மேல கீழ இடைவெளி ஒண்ணா இருக்கற மாதிரி முறுக்குங்க. கார் மெக்கானிக்கிட்ட டார்க் ரெஞ்ச் இருக்குதுன்னு வாங்கிட்டு வராதீங்க, அது சக்கர நட்டுக்கானது. நம்ம 5 அதுக்கு உறைக்கவே உறைக்காது.

ஜூலை 7

"திருப்பிப் போட்டா பாக்கச் சகிக்காது"ன்னு கோபிக்காரரு. போட்டோ எடுக்கற அன்னைக்கு மட்டும் மறுபடி திருப்பிக்கலாங்க.

ஜூலை 28

ஆடி பொறந்தாச்சு, காத்துப் பேச்சும் வந்தாச்சு. பாலக்காட்டுக் கணவாய்ல நுழையற மேக்கத்திக் காத்து பல்லடம், உடுமலைக் காத்தாடிங்களை எல்லாம் சுத்திவிட்டுட்டு நம்ம மூஞ்சில வந்து அறையுது. போறப்ப வெசையாக் கிழக்கே போயிரலாம், திரும்பறப்பத்தான் தெரியும். "பாரை இறக்குனாத்தானே காத்துல குத்திப் போக முடியும், நீங்க ஏத்தச் சொல்றீங்களே"ன்னு ஒருத்தரு.

இறக்குன பார்ல எத்தனை நேரம் குனிஞ்சே இருப்பீங்க? எனக்குத் தெரிஞ்சு பாதிப் பேரு பத்து நிமிஷத்துல கையை நீட்டி விறைச்சு நிமிந்துருவாங்க. உசந்த பார்ல முழங்கையை மடக்கி முன்கையைப் படுக்கை வெச்சா அதை விடத் தாழ்வா, அதை விட ரொம்ப நேரம் போகலாம். தாராபுரத்துல இருந்து மேக்கே வர்றப்ப நான் அப்படித்தான் வர்றேன். முழங்கை மடங்காத ஒரு அமைப்பு, போட்டோவுல எப்படி இருந்தாலும், உங்களுக்கு நீளம்.

ஜூலை 29

சேத்துச் சொல்ல விட்டது: பிரேக் லீவர். ரப்பர் மூடியை மடக்குனா, இல்லாட்டி லீவர் ஓரத்துல, ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். சிறுத்த விரலுக்கு லீவரைக் கிட்டக் கொண்டு வரலாம். எட்டாத லீவருக்காகவே மணிக்கட்டைத் திருகி ஓட்டறவங்க இருக்கறாங்க, குறிப்பாப் பொண்ணுங்க. கிட்ட கொண்டு வந்ததும் பார்ல இடிக்கறதுக்கு முன்னாடி பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்குதான்னு பாத்துருங்க.

ஆகஸ்ட் 17

தம்பி: விரல் தேவலாம். கழுத்து இன்னும் பிடிக்குது. பாருக்கு இன்னும் எட்டித்தான் போறாரு.

அப்ப 90 ஸ்டெம். முகப்புல 31.8 மி.மீ., ஃபோர்க் குழாய்ல 28.6 மி.மீ. அளவான்னு வெர்னியர் வெச்சுப் பாத்துட்டு வாங்குங்க. கோயமுத்தூர்ல லேத் வெச்சிருக்கற சிநேகிதர் யாரும் இல்லாத ஆளு கொங்குல உண்டா? வெர்னியருக்கு அங்க போங்க. அளவு ஒத்து வராத போஸ்ட்டுக்கு அலுமினிய ஷிம் (இடுக்கை நிரப்பற மெல்லிய வளையம்) கடைஞ்சும் குடுப்பாங்க. ஸ்டெம்மை மட்டும் கடையச் சொல்லாதீங்க.

80க்குக் கீழ போகோணும்னா 56 உங்க சைஸே இல்லை. குட்டை ஸ்டெம்முல ஹேண்டில் துறுதுறுன்னு திரும்பும். சீட்டை முன்னால தள்ளி ஈடு கட்டுனா முட்டியும் கையும் மறுபடி ஆரம்பிக்கும். அப்படி வந்தா அன்னைக்கு வித்துருங்க, நானே ஆள் பாத்துத் தர்றேன்.

ஆகஸ்ட் 25

கழுத்து வலியில பாதி ரோடுங்கறதை விட்டுட்டோம். 25 மி.மீ. டயர்ல 110 பி.எஸ்.ஐ. காத்து அடிச்சுக்கிட்டுச் "சைக்கிள் அடிக்குது"ன்னா? ஃப்ரேம்லயும் பிரேக்குலயும் இடம் இருந்தா 28 போடுங்க. 65 கிலோ ஆளு 70 பி.எஸ்.ஐ. பக்கம் ஆரம்பிச்சுக் கூட்டிக் குறைச்சுப் பாக்கலாம். பின்னால கொஞ்சம் அதிகம், முன்னால கொஞ்சம் கம்மி. பஞ்சர் கடைக் குழாய் நம்ம மெல்லிய வால்வுல ஏறாது. பித்தளை அடாப்டர் ஒண்ணு சீட்டுப் பையில எப்பவும் கிடக்கட்டும்.

காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டுக் கிளுவை வேலியை வெட்டுற நாளுல அந்த ரோட்டுப் பக்கமே போக வேண்டாம். எந்த டயரும் தாங்காது. முள்ளை எடுக்காம டியூப்பை மட்டும் மாத்துனா அடுத்த மைல்ல மறுபடி உக்கார வேண்டியதுதான். டயர் உள்பக்கம் விரலால தடவிப் பாருங்க, மெதுவா.

செப்டம்பர் 21

செயின். திருப்பூர்க்காரர் ஒருத்தரு கியர் மாத்தற டீரெய்லரோட சின்னச் சக்கரத்துல பஞ்சு சுத்திக்குதுங்கறாரு. ஊரே பஞ்சுதான், செயின்ல எண்ணெய் வழிய வழிய விட்டா ஒட்டாம என்ன செய்யும்? அதே ஊர்தான் நமக்குப் பனியன் வேஸ்டும் குடுக்குது, துடைக்கறதுக்கு அதை மிஞ்சின துணி இல்லை.

டீசல்ல கழுவி, நல்லாக் காயவிட்டு, ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு. சித்தெ சுத்திவிட்டு, வெளிய இருக்கறதை மொத்தமாத் துடைச்சு எடுத்துருங்க. எண்ணெய்க்கு வேலை ரோலருக்கு உள்ளதான், வெளிய இருக்கறது மண்ணு பிடிக்கத்தான் ஆகும். தேஞ்சுதான்னு பாக்க லேத் சிநேகிதர்கிட்ட 12 இஞ்சு ஸ்டீல் ஸ்கேல். ஒரு பின் நடுவுல பூஜ்யம் வெச்சா 24ஆவது பின் சரியா 12ல நிக்கோணும். பதினாறுல ஒரு பங்கு இஞ்சு தாண்டுனா செயினை மாத்துங்க. எட்டுல ஒரு பங்கு தாண்டற வரைக்கும் விட்டா பின்னால பல்சக்கரமும் சேத்துப் போச்சு.

டிசம்பர் 20

பொள்ளாச்சியில இருந்து கேள்வி: "வீட்டுல தேங்காயெண்ணெய் கிடக்குது, செயினுக்கு விடலாமா?" உங்க ஊருக்கு இந்தக் கேள்வி வராட்டித்தான் ஆச்சரியம். 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சுரும். மார்கழிக் காலைல பாட்டில்ல எப்படி இருக்குது? அதேதான் செயின்லயும். வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவு ஏறறப்ப இன்னும் மோசம். நாள்பட்டா பிசினாட்டமும் ஆகும். தலைக்கே வெச்சுக்கோங்க.

டிசம்பர் 22

தம்பி மறுபடி. 90 ஸ்டெம்மோட கொல்லிமலை 70 வளைவும் ஏறி இறங்கிட்டாரு, கழுத்து சத்தமில்லை. இப்ப 172.5 கிராங்கை எடுத்துட்டு 165 போடப் போறாராம், பெடல் உச்சிக்கு வர்றப்ப முட்டி ரொம்ப மடங்குதுன்னு. சரியான யோசனைதான். கிராங்க் 7.5 மி.மீ. குறைஞ்சா சீட்டை அதே 7.5 மி.மீ. ஏத்தோணும், பெடலோட அடிநிலை அத்தனை மேல வந்துருதுல்ல. சீட்டு ஏறுனதுனால கைப் பாரத்தையும் சீட்டுக்கும் பாருக்கும் இருக்கற உயர வித்தியாசத்தையும் மறுபடி ஒருக்காப் பாத்துக்கோங்க, ஸ்டெம்முக்கு அடியில போட ஸ்பேசர் (உயரம் குடுக்கற வளையம்) பாக்கி இருந்தா அதுலயே முடிஞ்சுரும்.

இடது கிராங்குல ரெண்டு போல்ட்டுப் பிடிக்கற வகைன்னா ரெண்டையும் மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, 12ல இருந்து 14 நியூட்டன் மீட்டர். பெடலைக் கழட்டறப்ப இடது பக்கம் மரை தலைகீழ், கடிகாரம் சுத்தற திக்குல திருப்புனாத்தான் வரும். கிராங்கைப் பிடிக்கற காட்டர் பின்னை அடிச்சுக் கழட்டின பழைய மேஸ்திரிங்களுக்கு இது மனப்பாடம். திரும்ப மாட்டறப்ப ரெண்டு மரையிலயும் கிரீஸ் தடவுங்க.